துவைத்தாலும் குலையாத காலர்

புதிதாகத் தைத்து வந்த சட்டையைப் போட்டுப் பாருங்கள். காலர் கழுத்தைச் சுற்றி எடுப்பாக நிற்கும். இரு முனைகளும் வளையாமல் படிந்து கிடக்கும். அதே சட்டை ஏழெட்டுச் சலவை கண்ட பிறகு பாருங்கள். கையும் உடலும் நன்றாகவே இருக்கும். காலர் மட்டும் அங்கங்கே கொப்புளம் கிளம்பி, முனைகள் மேல்நோக்கிச் சுருண்டு, எவ்வளவு இஸ்திரி போட்டாலும் படியாமல் அடம் பிடிக்கும். "துணி மட்டம்" என்று கடைக்காரரை நொந்துகொள்வோம். அல்லது "தையல் சரியில்லை" என்று தையல்காரர்மேல் பழி போடுவோம்.

ஒரே துணியில் வெட்டிய சட்டையில் காலர் மட்டும் ஏன் முதலில் கெடுகிறது? இதற்கு விடை தேடினால் பஞ்சிழையின் வேதியியல், வட்டத்தின் கணக்கு, விறைப்பின் இயற்பியல் என்று பலவற்றையும் தொட்டுவர வேண்டியிருக்கிறது. இந்தச் சிறு துண்டுத் துணியை நிமிர்ந்து நிற்க வைப்பதற்காகப் பலர் மூளையைச் செலவிட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் தம் உடல் உழைப்பையே செலவிட்டிருக்கிறார்கள். அந்தக் கதையையும் அதன் பின்னுள்ள அறிவியலையும் இங்கே காண்போம்.

காலரின் உள்ளமைப்பு

பழைய சட்டை ஒன்றின் காலரைப் பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டு உறுப்புகள் இருப்பது தெரியும். கழுத்தை ஒட்டி நேராக நிற்பது காலர் பட்டி. அதிலிருந்து எழுந்து, மடிந்து, வெளிப்பக்கமாகக் கவிழ்வது காலரின் இலை. இரண்டுமே ஒற்றைத் துணியால் ஆனவை அல்ல. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இடையில் வெளியே தெரியாத மூன்றாவது துணி. இந்த நடுத்துணியைத்தான் தையற்கடைகளில் கேன்வாஸ் என்றும் பக்ரம் என்றும் சொல்கிறார்கள். காலருக்கு முதுகெலும்பு அதுதான்.

சட்டையின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் ஒரே அடுக்குத் துணிதான் இருக்கிறது. அது சிறிது சுருங்கினாலும் எல்லாம் சேர்ந்தே சுருங்கும், கண்ணுக்குத் தெரியாது. காலரிலோ மூன்று அடுக்குகள் ஓரங்களில் தையலால் கட்டுண்டு கிடக்கின்றன. மூன்றில் ஒன்று மற்றவற்றோடு ஒத்துப் போகாவிட்டாலும் சண்டை வெளியே தெரிந்துவிடும்.

வட்டத்தின் கணக்கு

தண்ணீர் படுவதற்கு முன்பே காலருக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வட்டத்தின் சுற்றளவு 2π × ஆரம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. பொத்தான் போட்ட காலரை ஒரு வளையமாகக் கொள்வோம். உள் துணிக்கும் வெளித் துணிக்கும் இடையே அரை மில்லிமீட்டர் தூரம் இருப்பதாக வைத்துக்கொண்டால், வெளி வளையத்தின் ஆரம் அரை மி.மீ. கூடுதல். ஆகவே அதன் சுற்றளவு 2 × 3.14 × 0.5, அதாவது ஏறத்தாழ 3 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் கழுத்தின் அளவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். குழந்தையின் சட்டையானாலும் பயில்வானின் சட்டையானாலும் வேறுபாடு அதே 3 மி.மீ.தான்.

காலர் இலை மேலிருந்து கீழாக மடியும் இடத்திலும் இதே கணக்கு உண்டு. அங்கே அரை வட்டம் என்பதால் வேறுபாடு பாதி, அதாவது ஒன்றரை மி.மீ. அனுபவமுள்ள தையல்காரர்கள் காலரின் அடித்துணியை மேல்துணியைவிட ஒரு நூலிழை அளவு சிறிதாக வெட்டுவதற்கு இதுதான் காரணம். இரண்டையும் சரி அளவாக வெட்டித் தைத்தால், உட்புறமாக மடியும் துணி மிஞ்சிச் சுருக்கம் விழும். அல்லது மேல்துணி போதாமல் முனைகளை மேலே தூக்கிவிடும்.

நீர் புகுந்தால் என்ன நடக்கிறது?

பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. அந்தச் சங்கிலிகள் நெடுகிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. இவை நீரை விரும்பும் தொகுதிகள். பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் இவற்றின் மூலமே ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொண்டிருக்கின்றன. துணியை நீரில் முக்கியதும் நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே நுழைந்து அப்பிணைப்புகளில் பலவற்றைத் தளர்த்திவிடுகின்றன. இழை பருத்துவிடுகிறது. அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு பெருகுகிறது. நீளமோ ஒரு விழுக்காட்டையொட்டித்தான் கூடுகிறது.

இழை பருத்தால் துணி பெரிதாகத்தானே வேண்டும்? ஏன் சுருங்குகிறது? மூங்கில் தட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக வைத்த மூங்கில்களின் மேலும் கீழுமாகக் கயிறு வளைந்து வளைந்து செல்கிறது. மூங்கில்கள் திடீரென்று பருத்துவிட்டால், அவற்றைச் சுற்றி வளைந்து செல்லக் கயிற்றுக்கு அதிக நீளம் தேவைப்படும். கயிறு நீளாது. அப்படியானால் மூங்கில்கள்தாம் நெருங்கி வரவேண்டும், தட்டி குறுகிவிடும். துணியில் ஊடுநூல் மூங்கிலைப் போன்றது. பாவுநூல் கயிற்றைப் போன்றது. ஊடுநூல் பருக்கப் பருக்கத் துணி பாவின் திசையில் குறுகுகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தறியில் பாவுநூல் இழுத்துக் கட்டப்பட்டே நெய்யப்படுகிறது. நெய்தபின் நடக்கும் வேலைகளிலும் துணி இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த இழுவிசை துணிக்குள் உறைந்து கிடக்கிறது. முதன்முதலாக நீர் பட்டுப் பிணைப்புகள் தளர்ந்ததும், "விட்டது தொல்லை" என்று நூல்கள் தம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. உலரும்போது புதிய இடத்திலேயே ஹைட்ரஜன் பிணைப்புகள் மீண்டும் ஏற்பட்டுவிடுவதால், துணி மறுபடி நீளுவதில்லை.

சுருங்கும் அளவு நூலின் பருமன், நெசவின் நெருக்கம், இழையின் வகை ஆகியவற்றைப் பொறுத்தது. பாலியெஸ்டர் இழை நீரை ஏற்பதே இல்லை என்று சொல்லலாம். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் எட்டு விழுக்காட்டுக்குமேல் நீரைப் பிடித்துவைத்திருக்கும். பாலியெஸ்டரோ அரை விழுக்காடுகூடப் பிடிப்பதில்லை. ஆகவே பாலியெஸ்டர் கலந்த மேல்துணிக்குள் நனைக்காத பருத்திக் கேன்வாஸை வைத்துத் தைத்தால் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். மேல்துணி அப்படியே இருக்க, கேன்வாஸ் மட்டும் உள்ளே குறுகும்.

ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

"சிறிதளவு சுருக்கத்துக்கா இவ்வளவு பெரிய கொப்புளம்?" என்று கேட்கலாம். பிதாகரஸ் தேற்றம் இதற்கு விடை சொல்லும். 5 செ.மீ. நீளமுள்ள கேன்வாஸின் மேல் 5 செ.மீ. 1 மி.மீ. நீளமுள்ள துணி கிடக்கிறது. இரு முனைகளும் தையலால் கட்டப்பட்டுள்ளன என்று கொள்வோம். மிஞ்சிய துணி நடுவில் கூடாரம்போல் எழும்புகிறது. அதன் ஒரு பக்கச் சரிவு 25.5 மி.மீ.; அடிப்பாகத்தில் பாதி 25 மி.மீ. இரண்டின் வர்க்கங்களைக் கழித்து வர்க்கமூலம் கண்டால் உயரம் வந்துவிடும். அது 5 மி.மீ.!

மிச்சம் ஒரு மில்லிமீட்டர். மேடு ஐந்து மில்லிமீட்டர். அதாவது இரண்டே விழுக்காடு வேறுபாடு கண்ணை உறுத்தும் கொப்புளமாகிவிடுகிறது. இஸ்திரிப் பெட்டியால் அதை அமுக்கினால் கொப்புளம் மறையாது; பக்கத்தில் போய் மடிப்பாக விழும். மிஞ்சிய துணி எங்கேயாவது இருந்துதானே ஆகவேண்டும்?

கஞ்சி செய்த காவல்

காலரை விறைப்பாக்க மனிதர் கண்ட மிகப் பழைய வழி கஞ்சி போடுவது. நம் வீடுகளில் சோறு வடித்த கஞ்சியே இதற்குப் போதும். மேனாடுகளில் கோதுமை, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் ஆகியவற்றின் மாவுப்பொருளைப் பயன்படுத்தினார்கள்.

மாவுப்பொருளும் செல்லுலோஸும் நெருங்கிய உறவுமுறை. இரண்டும் குளுக்கோஸ் அலகுகள் கோத்த சங்கிலிகளே. கோத்த விதம்தான் வேறு. மாவை நீரில் கலந்து சூடாக்கினால், ஏறத்தாழ 60 முதல் 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதன் மணிகள் உப்பி வெடித்துச் சங்கிலிகள் நீரில் பரவுகின்றன. அதில் துணியை நனைத்து உலர்த்தி இஸ்திரி போடும்போது, அச்சங்கிலிகள் பருத்தியின் ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு நூலுக்கும் நூலுக்கும் பாலமாகி இறுகுகின்றன. துணி அட்டைபோல் நிமிர்ந்துவிடுகிறது.

கஞ்சிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வியர்வையும் அழுக்கும் இழையைத் தொடுவதற்கு முன் கஞ்சிப் படலத்தில் தங்கிவிடுகின்றன. துவைக்கும்போது கஞ்சியோடு சேர்ந்து போய்விடுகின்றன. ஆனால் குறையும் அதுவேதான். நீரில் கரைந்து வந்த விறைப்பு நீரிலேயே கரைந்து போகிறது. ஒவ்வொரு சலவைக்கும் மீண்டும் கஞ்சி, மீண்டும் உலர்த்தல், மீண்டும் இஸ்திரி. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் வைத்தால் இராமபாணப் பூச்சி அரிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஓயாத வேலையை யாராவது செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்த "யாராவது" யார் என்பதை அமெரிக்காவின் ஒரு சிறு நகரம் நமக்குக் காட்டுகிறது.

காலர் நகரம்

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் ட்ராய் என்ற நகரம் இருக்கிறது. அங்கே வாழ்ந்த ஹன்னா மாண்டேக் என்ற பெண்மணி, காலர் மட்டும் அழுக்கான கணவரின் சட்டைகளை முழுவதுமாகத் துவைத்துத் துவைத்து அலுத்துப்போனாராம். 1827-இல் காலரை மட்டும் கத்தரித்தெடுத்துத் துவைத்து, மறுபடி சட்டையில் இணைத்தார் என்று சொல்லப்படுகிறது. கழற்றி மாட்டும் காலர் இப்படிப் பிறந்தது. சில ஆண்டுகளில் அது பெருந்தொழிலாகியது. தொழிற்சாலைகளும் சலவைக்கூடங்களும் பெருகி, ட்ராய்க்குக் "காலர் நகரம்" என்ற பெயரே நிலைத்துவிட்டது.

வெளுத்து, கஞ்சி ஏற்றி, கண்ணாடிபோல் இஸ்திரி போட்ட காலர்தான் கடைக்குப் போகும். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைப் பெண்கள். கொதிநீர், காரம், சுடு கஞ்சி, காய்ச்சிய இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றின் நடுவே நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் நின்றார்கள். வாரம் முழுவதும் உழைத்தால் கிடைத்தது மூன்று நான்கு டாலர். கஞ்சி போட இயந்திரங்கள் வந்தபோது தீக்காயங்கள்தாம் கூடின, கூலி கூடவில்லை.

1864 பிப்ரவரியில், இருபது வயதுகூட நிரம்பாத கேட் முல்லனி என்ற சலவைத் தொழிலாளி, தம் தோழியரைத் திரட்டிக் காலர் சலவையாளர் சங்கத்தை அமைத்தார். 14 சலவைக்கூடங்களில் சுமார் 300 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒரு வாரத்துக்குள் கூலி உயர்வு கிடைத்தது. அமெரிக்காவில் பெண்களே நடத்தி நிலைத்து நின்ற முதல் தொழிற்சங்கமாக அதை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். 1869-இல் மறுபடி நடந்த வேலைநிறுத்தம் தோற்றது. சங்கமும் விரைவில் கலைந்தது. முதலாளிகளின் எதிர்ப்போடு, அப்போது பரவிக்கொண்டிருந்த காகிதக் காலரும் அவர்களின் பலத்தைக் குறைத்தது. ஊக்கு கண்டுபிடித்த வால்டர் ஹண்ட் 1854-இல் காப்புரிமை பெற்ற பொருள் அது. ஒரு முறை அணிந்துவிட்டு எறிந்துவிடலாம், சலவையே வேண்டாம்!

பின்னர் செல்லுலாய்டு காலரும் வந்தது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆனால் எளிதில் தீப்பற்றும் நைட்ரோசெல்லுலோஸால் ஆன பொருளைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சுருட்டுப் பிடிப்பது எத்தகைய ஆபத்து!

கேட் முல்லனி வாழ்ந்த வீடு இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாகப் பாதுகாக்கப்படுகிறது. காலரின் விறைப்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதற்கு அந்த வீடு சாட்சி.

சுருங்கும் முன் சுருக்கிவிடு

முதல் உலகப் போருக்குப் பிறகு ஆண்களின் விருப்பம் மாறியது. சட்டையோடு சேர்த்துத் தைத்த மென்மையான காலரையே பலரும் நாடினர். இதனால் புதிய தொல்லை முளைத்தது. கழற்றும் காலர் சுருங்கினால் வேறொன்று வாங்கி மாட்டலாம். சேர்த்துத் தைத்த காலர் சுருங்கினால் முழுச் சட்டையுமே வீண்.

ட்ராய் நகரத்துக் காலர் நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த சான்போர்டு க்ளூயட் என்ற பொறியாளர் இதற்கு 1930-ஐ ஒட்டி ஒரு வழி கண்டார். துணி நம் வீட்டில் சுருங்கப் போகிறதென்றால், ஆலையிலேயே அதைச் சுருக்கிவிடுவோம் என்பதே அவருடைய எண்ணம். ஆனால் துணியைப் பின்புறமாகத் "தள்ளி"ச் சுருக்குவது எப்படி? கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியுமா?

இங்கே நாம் முன்பு கண்ட வட்டத்தின் கணக்கே உதவிக்கு வந்தது. தடித்த, மீள்தன்மையுள்ள ஒரு பட்டை உருளையைச் சுற்றி வளையும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது. அப்போது ஈரத்துணியை அதன்மேல் ஒட்டினாற்போல் படியவிட வேண்டும். உருளையைத் தாண்டிப் பட்டை நேராகும்போது வெளிப்புறம் பழையபடி குறுகும். அதைப் பற்றிக்கொண்டிருக்கும் துணியும் கூடவே குறுகியாக வேண்டும். அந்த நிலையிலேயே உலர்த்திவிட்டால் வேலை முடிந்தது. இம்முறைக்கு அவர் பெயராலேயே "சான்போரைஸ்" என்ற பெயர் வழங்குகிறது. இவ்வாறு பதப்படுத்திய துணியில் எஞ்சிய சுருக்கம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

ஒட்டினால் எட்டு மடங்கு

சுருக்கத்தை அடக்கியாயிற்று. கஞ்சியில்லாமல் விறைப்பு எப்படி வரும்? அடுக்குகளை ஒன்றோடொன்று நிலையாக ஒட்டிவிடுவதுதான் வழி. அது ஏன் பலன் தருகிறது என்பதை ஒரு சிறு சோதனையால் அறியலாம்.

படம் வரையும் தடித்த தாளில் ஒரே அளவாக ஐந்து நீண்ட பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டை மட்டும் பசை மெல்லியதாகத் தடவி ஒட்டி, பாரம் வைத்து உலரவிடுங்கள். பிறகு மேசை விளிம்பில் ஒற்றைப் பட்டை, ஒட்டாமல் அடுக்கிய இரட்டைப் பட்டை, ஒட்டிய இரட்டைப் பட்டை மூன்றையும் ஒரே நீளத்துக்கு வெளியே நீட்டி, பின்பக்கத்தைப் புத்தகத்தால் அழுத்திப் பிடியுங்கள். ஒற்றைப் பட்டை எவ்வளவு தொங்குகிறதோ, ஒட்டாத இரட்டையும் ஏறத்தாழ அவ்வளவே தொங்கும். ஒட்டிய இரட்டையோ அதில் கால் பங்கு அளவே தொங்கும்.

காரணம் இதுதான். ஒட்டாத அடுக்குகள் வளையும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொள்கின்றன. ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்தால் தாள்களின் ஓரம் சரிவாக விலகுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வழுக்க இடமிருந்தால் இரண்டு அடுக்கின் விறைப்பு இரண்டு மடங்குதான். ஒட்டிவிட்டால் வழுக்க முடியாது. வளைய வேண்டுமானால் மேலடுக்கு நீளவும் கீழடுக்கு அமுங்கவும் வேண்டும். அப்போது விறைப்பு தடிமனின் கனத்துக்கு ஏற்பக் கூடுகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு 2 × 2 × 2, அதாவது எட்டு மடங்கு. எடை இரண்டு மடங்காகவும் விறைப்பு எட்டு மடங்காகவும் இருப்பதால்தான் தொங்கல் கால் பங்காகக் குறைகிறது.

1930-களில் பெஞ்சமின் லீபோவிட்ஸ் என்ற அமெரிக்கர் இதைக் காலரில் செய்துகாட்டினார். நடுத்துணியில் பருத்தி நூலோடு செல்லுலோஸ் அசிட்டேட் நூலையும் கலந்து நெய்தார். கரைப்பான் தெளித்துச் சூடாக அழுத்தியபோது அசிட்டேட் நூல் இளகி, மேல்துணியையும் அடித்துணியையும் பற்றிக்கொண்டது. அசிட்டேட் சோப்பு நீரில் கரையாது. கஞ்சியில்லாமலே, துவைத்தாலும் போகாத விறைப்பு காலருக்குக் கிடைத்தது. "ட்ரூபனைஸ்" காலர் என்ற பெயரில் இது புகழ்பெற்றது.

இந்தக் காலர்ப் பணம் அறிவியல் வரலாற்றிலும் ஓர் இடத்தைப் பெற்றுவிட்டது. 1939-இல் அணுப்பிளவின்போது நியூட்ரான்கள் வெளிப்படுகின்றனவா என்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சோதிக்க விரும்பிய லியோ சிலார்டு, அதற்கான ரேடியத்துக்கு வாடகை கொடுக்கப் பணமின்றி, நண்பரான லீபோவிட்ஸிடம்தான் 2,000 டாலர் கடன் வாங்கினார். தொடர்வினை நடக்கக்கூடியதே என்று காட்டிய சோதனைகளுள் ஒன்று அது.

இன்றைய ஒட்டுக் கேன்வாஸ்

இன்று ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் லீபோவிட்ஸின் கருத்துதான் வேறு பொருளில் நடைமுறையில் இருக்கிறது. பருத்திக் கேன்வாஸின் ஒரு பக்கத்தில் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கை நுண்ணிய புள்ளிகளாகப் பதித்திருப்பார்கள். அதை மேல்துணியின் உட்புறத்தில் வைத்து, ஏறத்தாழ 150 முதல் 180 பாகை செல்சியஸ் சூட்டில், 10 முதல் 20 நொடிகள் வரை அழுத்துவார்கள். புள்ளிகள் உருகித் துணியின் நூல்களுக்குள் புகுந்து, ஆறியதும் ஆயிரக்கணக்கான சிறு ஆணிகளைப்போல் பிடித்துக்கொள்கின்றன.

பிளாஸ்டிக்கை ஒரே படலமாகப் பூசாமல் புள்ளிகளாக வைப்பதற்குக் காரணம் உண்டு. படலமாக இருந்தால் காலர் பலகைபோலாகும். வியர்வை ஆவி வெளியேற வழியிருக்காது. புள்ளிகளுக்கு இடையே துணி வளையும், மூச்சும் விடும். அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன் ஏறத்தாழ 130 பாகையில் உருகுவது. ஆகவே துவைக்கும் வெந்நீர் அதை ஒன்றும் செய்யாது.

அப்படியானால் இன்றைய காலர்கள் ஏன் கெடுகின்றன? சூடோ அழுத்தமோ நேரமோ குறைந்தால் சில புள்ளிகள் சரியாகப் பிடிப்பதில்லை. அங்கே சலவையில் பிரிந்து கொப்புளம் எழும்புகிறது. இன்னொரு காரணம் நம் பழைய பகைவனான சுருக்கம்தான். இரண்டு உலோகங்களை ஒட்டிய ஈருலோகப் பட்டை சூட்டில் வளைவதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். வெவ்வேறு அளவு நீளும் இரண்டை ஒட்டினால் வளைந்துதான் ஆகவேண்டும். காலரிலும் அப்படியே. ஒட்டாத அடுக்குகளின் சுருக்க வேறுபாடு கொப்புளமாகிறது. ஒட்டிய அடுக்குகளின் சுருக்க வேறுபாடு முனைகளைச் சுருட்டிவிடுகிறது. ஆகவே ஒட்டுவது மட்டும் போதாது. ஒட்டப்படுபவை ஒரே அளவாகச் சுருங்குபவையாகவும் இருக்க வேண்டும்.

வீட்டிலும் தையற்கடையிலும்

இந்த அறிவியலைக் கொண்டு நாமே காலரைக் காக்கலாம்.

1. துணி எவ்வளவு சுருங்கும் என்று சோதியுங்கள். துணியின் ஒரு மூலையில் 25 செ.மீ. சதுரத்தை அழியாத மையால் குறியுங்கள். வழக்கம்போல் துவைத்து, இழுக்காமல் உலர்த்தி, நீளவாட்டிலும் அகலவாட்டிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். 25 செ.மீ. 24.5 ஆகியிருந்தால் சுருக்கம் 2 விழுக்காடு. கேன்வாஸுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். இரு விடைகளும் நெருங்கியிருக்க வேண்டும்.

2. தையல் போட்டுப் பிடிக்கும் சாதாரணக் கேன்வாஸானால், வெட்டுவதற்கு முன் சில மணி நேரம் நீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். மேல்துணியையும் ஒரு முறை நனைத்துவிடுவது நல்லது. ஒட்டுக் கேன்வாஸைத் தனியாக இஸ்திரி போடக்கூடாது. பசை இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

3. மேல்துணியின் பாவு எந்தத் திசையில் போகிறதோ, கேன்வாஸின் பாவும் அதே திசையில் போகும்படி வெட்டச் சொல்லுங்கள். துணி பாவு வாட்டில் ஓர் அளவும் ஊடு வாட்டில் வேறோர் அளவும் சுருங்குவது இயல்பு.

4. ஒட்டுக் கேன்வாஸை ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். முடிந்ததும் சூடு ஆறும்வரை அசைக்கக்கூடாது. உருகிய பசை இறுகுவதற்குள் வளைத்தால் அந்த வளைவு நிலைத்துவிடும். பிரிந்த சிறு கொப்புளத்தை இதே முறையில் சில சமயம் மீண்டும் ஒட்டிவிடலாம்.

5. காலரை முறுக்கிப் பிழியாதீர்கள். முரட்டுத் தூரிகையால் தேய்க்கவும் வேண்டாம். அழுக்குப் படிந்த மடிப்பில் சோப்பைத் தடவிச் சிறிது ஊறவிட்டால் அழுக்கு தானே இளகும். காலர் முனைகளில் செருகும் பிளாஸ்டிக் பட்டைகள் இருந்தால் துவைப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

6. சிறிது ஈரம் இருக்கும்போதே, முதலில் அடிப்பக்கமும் பிறகு மேல்பக்கமுமாக, முனைகளிலிருந்து நடுவை நோக்கி இஸ்திரி போடுங்கள். நடுவிலிருந்து முனைக்குத் தள்ளினால் தளர்ந்த துணியெல்லாம் முனையில் சேர்ந்து மடிப்பு விழும்.

7. மிகவும் தடித்த கேன்வாஸ் வேண்டாம். மடிப்பு எவ்வளவு கூர்மையாகவும் விறைப்பாகவும் இருக்கிறதோ, அவ்வளவு விரைவில் அது கழுத்தில் உரசி நைந்துபோகும். அப்படி நைந்தாலும் சட்டையை எறிந்துவிட வேண்டியதில்லை. ஒட்டாத காலரானால் அதைப் பிரித்து, அடிப்பக்கம் மேலே வருமாறு திருப்பித் தைக்கும் பழைய வழக்கம் இன்றும் பயன் தருவதே.

விறைப்பை வெளியிலிருந்து பூசினால் ஒவ்வொரு சலவையும் அதைப் பறித்துக்கொண்டு போகிறது. யாரோ ஒருவர் மறுபடி உழைத்து அதைத் திருப்பித் தரவேண்டியிருக்கிறது. ட்ராய் நகரத்துப் பெண்கள் கொதிநீரின் நடுவே நின்று செய்தது அதைத்தான். விறைப்பைத் துணியின் அமைப்புக்குள்ளேயே வைத்துவிட்டால் அந்த உழைப்பு மிச்சமாகிறது. ஆனால் அதற்கு அடுக்குகள் மூன்றும் நனையும்போதும் உலரும்போதும் ஒன்றுபோல் நடந்துகொள்ள வேண்டும். அடுத்த சட்டைக்குத் துணி எடுக்கும்போது, கடையில் கேன்வாஸிலும் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஓர் அளவுகோலும் மீதியைச் சொல்லிவிடும்.